காக்கியைக் கழற்றிய பிறகு: இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு துப்பறியும் நாவலுக்கான பின்னணி

ஓய்வுபெற்ற பெண் போலீஸ் அதிகாரி ஒருவர் துப்பு துலக்குகிறார், கதை நடக்கும் இடம் இராமநாதபுரம் கடற்கரை. இப்படி ஒரு நாவல் எழுத உட்காருபவர் கொலையை யோசிப்பதற்கு முன்னால் அந்த அம்மாவின் பிறந்த தேதியை முடிவு செய்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

1964 ஜூன் நடுவில் பிறந்தவர் என்று வைப்போம். தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது நெடுங்காலம் 58. அது 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆக, 2024 ஜூன் 30ஆம் தேதி பிற்பகலோடு அவருடைய பணி முடிகிறது. மறுநாள் ஜூலை 1. இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் விலகி, பாரதிய நியாய சன்ஹிதா முதலான மூன்று புதிய சட்டங்கள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த நாள். கொலை என்றால் 302 என்று முப்பத்தேழு வருடம் சொல்லிப் பழகியவருக்கு அது இனி 103. சந்தேக மரணத்துக்கான 174 இனி 194. பக்கத்து ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர், வயதில் அவருடைய மகளை ஒத்தவர், “நூத்தித் தொண்ணூத்தி நாலுல போட்டிருக்கோம் மேடம்” என்று சொல்லும்போது இவர் ஒரு நொடி நின்று கணக்குப் போட வேண்டியிருக்கும். அதிகாரம் கையை விட்டுப் போனது எப்படி இருக்கும் என்பதை இந்த ஒரு நொடி காட்டிவிடும். ஓய்வுபெற்றவரின் வெறுமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை.

இன்னொன்றும் அந்தத் தேதியில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்துப் போனபோது அவர் ஆறு மாதக் குழந்தை. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோன இரவு அது. அவருக்கு அந்த இரவு நினைவில் இருக்க முடியாது, ஆனால் வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்திருப்பார். அவ்வளவு போதும். கதையைத் தனுஷ்கோடி இடிபாடுகளுக்குள் கொண்டுபோய் ஆவி உலவும் சூழலை உருவாக்குவது எளிது. அதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. அந்த மணலில் இன்றும் மீன் பிடித்துக் குடிசை போட்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது திகில் ஊர் இல்லை.

அவருடைய பணிக்காலம் எப்படிப்பட்டது? தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1973இல்: ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 காவலர்கள். 1976இல் திலகவதி தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியானார். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பிறகு மாவட்டம் மாவட்டமாக வந்தது. நம் கதாநாயகி 1987 வாக்கில் 22, 23 வயதில் சேர்ந்தவர் என்றால், மகளிர் காவல் நிலையம் வரும்போது அவருக்கு 28 வயது. அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்திருப்பார்? திருவிழாவுக்கும் மந்திரி வருகைக்கும் பந்தோபஸ்து, பெண் கைதிக்கு வழிக்காவல், வீடு சோதனை போடும்போது ஒரு பெண் போலீஸ் கூட இருக்க வேண்டும் என்பதற்காகப் போய் நிற்பது. கொலை வழக்கு சட்டம்-ஒழுங்கு இன்ஸ்பெக்டருடையது. பெண் கொலையுண்டாலும் அப்படித்தான். இவர் அழும் உறவுக்காரப் பெண்களைச் சமாளிக்கக் கூப்பிடப்படுவார்.

ஆகவே இவர் பெரிய கொலை வழக்குகளை அவிழ்த்துப் புகழ்பெற்றவர் என்று எழுதினால் அந்தத் தலைமுறைப் பெண் போலீசின் வரலாற்றோடு அது ஒட்டாது. இவர் கற்றது வேறு. தீக்காய வார்டில் படுத்திருக்கும் பெண், “ஸ்டவ் வெடிச்சிருச்சும்மா” என்கிறாள். சொல்லும்போது அவள் கண் எங்கே போகிறது, கட்டிலின் கால்மாட்டில் நிற்பது யார், அந்த ஆள் டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் அவள் என்ன சொல்கிறாள்? திருமணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. அதற்கு முன் தாய்வீட்டாரும் மாமியார் வீட்டாரும் வராண்டாவில் தனித்தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் இவர். காணாமல் போன பெண்ணைப் பற்றி அம்மா ஒன்று சொல்வாள், அப்பா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரி சொல்வதுதான் நடந்ததாக இருக்கும். முப்பத்தேழு வருடம் இதையே கேட்ட காது அது. எந்தப் பயிற்சிக் கல்லூரியும் கற்றுக்கொடுக்காத துப்பறியும் திறமை இது. நாவலின் துப்பெல்லாம் இந்தக் காதின் வழியாகத்தான் வர வேண்டும்.

இனி கடலுக்கு வருவோம். வெளியூர்க்காரர் எழுதினால் இங்கேதான் தவறும், ஏனென்றால் இங்கே கடல் ஒன்றல்ல, இரண்டு. இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்பார்கள். அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை கூடிய தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. நடுவில் பாம்பன் கால்வாய் இரண்டையும் சேர்க்கிறது. ஆனி, ஆடியில் தெற்கிலிருந்து சோழகம் அடிக்கும்போது நீரோட்டம் பெரும்பாலும் தென்கடலிலிருந்து வடகடலை நோக்கி ஓடும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் ஓட்டமும் திரும்பும். அப்போது வடகடல்தான் கொந்தளிக்கும். கடலோரத்தில் ஆறாவது படிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

இதில் ஒரு முழு நாவலுக்கான முடிச்சு இருக்கிறது. ஆடி மாதம் வடகடல் கரையில் ஓர் உடல் ஒதுங்குகிறது. ஒதுங்கிய இடத்தை வைத்து ஸ்டேஷன் எல்லை முடிவாகிறது, விசாரணை அந்தக் கரையின் ஊர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. ஆனால் அந்த மாதத்துக் காற்றுக்கும் ஓட்டத்துக்கும் உடல் தெற்கிலிருந்து பாம்பன் வழியாக வந்திருக்கலாம். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் இதை முதல் நாளே சொல்லியிருப்பார், யாராவது கேட்டிருந்தால். பிணப் பரிசோதனையில் கடல்நீரா நன்னீரா என்ற கேள்வியும் வரும். நீரில் மூழ்கி இறந்தவரின் எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசி போயிருக்கும். ஊருணியில் உள்ளது ஒரு வகை, கடலில் உள்ளது வேறு வகை. ஊருணியில் அமுக்கிக் கொன்றுவிட்டுக் கடலில் போட்டால் அந்த நுண்பாசி காட்டிக்கொடுக்கும். குடிநீருக்காக ஊருணியைக் காத்து வாழும் மாவட்டம் இது. எந்த ஊருணியில் எந்த மாதம் ஆள் மூழ்கும் அளவு தண்ணீர் கிடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அடுத்தது நாள்காட்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களிலும் இராமேசுவரம் விசைப்படகுகள் தினமும் போவதில்லை. வாரத்தில் திங்கள், புதன், சனி அவர்களுடையது, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையது என்பது நெடுநாள் ஏற்பாடு. விசைப்படகு கிளம்ப மீன்வளத்துறையின் டோக்கன் வேண்டும். மானிய டீசலுக்குத் தனிக் கணக்கு. “அன்று நான் கடலில் இருந்தேன்” என்று எவனும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. அதே சமயம் உறுதியான சாட்சியமும் இங்கே வேறு விதமாகக் கிடைக்கிறது. கொலைக்காரன் என்று ஊர் நம்பும் ஆள், அந்த இரவு எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகில் இருந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தவன் மண்டபத்தில் கொலை செய்திருக்க முடியாது. இந்தக் கரையின் பெரும் துயரம் ஒரு துப்பறியும் கதையில் நிரபராதிக்குச் சாட்சியாக வந்து நிற்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காலத்தை 2024 என்று வைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுவிட்டது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இராமேசுவரத்துக்கு ரயிலில் வந்து இறங்குகிற கதாபாத்திரம் இருக்க முடியாது. 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மீது பஸ்ஸிலோ காரிலோதான் வர வேண்டும். ‘ரயிலில் வந்தேன்’ என்று கதையில் யாராவது சொன்னால் அதுவே பொய்யைப் பிடிக்கும் இடமாகிவிடும்.

இந்தக் கரையில் ஒரு விசாரணைக்கு எத்தனை பேர் உரிமை கோருவார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஊர் ஸ்டேஷன், மரைன் போலீஸ், போலீசின் உளவுப் பிரிவான கியூ பிரிவு, சுங்கத்துறை, மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம், தீவுகளுக்கு வனத்துறை, படகுக்கு மீன்வளத்துறை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு உண்மை இருக்கும், ஒருவருடையதை இன்னொருவர் பார்ப்பதில்லை.

கடத்தலைத் தொடாமல் இந்தக் கதையை எழுத முடியாது. இலங்கையின் தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து 30 கிலோமீட்டருக்குள். கடல் அட்டை 2001 முதல் இங்கே வனவிலங்குச் சட்டப்படி பிடிக்கத் தடை செய்யப்பட்ட உயிர், அக்கரையில் உரிமம் பெற்று விற்கலாம். ஒரே அட்டை இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் சரக்கு. 2023இல் மண்டபம் கடலில் வீசப்பட்ட தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கித் தேடி எடுத்தார்கள். நாவலாசிரியருக்கு இதைவிடக் கவர்ச்சியான பொருள் கிடைக்காது. ஆனாலும் கொலையின் காரணத்தைத் தங்கத்தில் வைக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். தங்கம் கைமாறும் இடத்தில் கூலிக்குப் படகு ஓட்டியவன்தான் பெரும்பாலும் பிடிபடுகிறான், சரக்குக்காரன் பெயர் வெளியே வருவதில்லை. அப்படி ஒரு கதையில் மீனவக் கிராமம் முழுவதும் கள்ளக்கடத்தல் ஊராகத் தெரியும். வேதாளையையோ மண்டபத்தையோ அப்படிக் காட்டுவது அங்கே வலை இழுத்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம்.

காரணம் வீட்டுக்குள் இருக்கட்டும். படகுக்கு வாங்கிய கடன், சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, தர வேண்டிய முன்பணம், மகள் கல்யாணம். இவற்றைவிடக் கனமான ஒன்று, கடலில் காணாமல் போனவர் விஷயம். உடல் கிடைக்காவிட்டால், ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லாமல் போன பிறகுதான் இறந்தவராக எடுத்துக்கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. அதுவரை மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் காப்பீடும் நிவாரணமும் இழுபடும். படகின் பெயரை மாற்ற முடியாது, மறுமணம் பேச முடியாது. அந்த ஏழு வருடத்துக்குள் ஓர் உடலைக் கண்டுபிடிப்பதில் ஒருவருக்கு ஆதாயம், கண்டுபிடிக்காமல் இருப்பதில் இன்னொருவருக்கு ஆதாயம். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய படகு என்றால் சொல்லவே வேண்டாம். ஆறே முக்கால் வருடம் ஆன நிலையில் ஓர் எலும்புக்கூடு தீவுப் பக்கம் கிடைக்கிறது என்று ஆரம்பித்தால், வாசகரை உட்காரவைக்க வேறு தந்திரம் தேவைப்படாது.

அதைப் பார்த்தது யார்? இங்கேதான் இந்தக் கதைக்கு ஏன் பெண் அதிகாரி, அதிலும் ஏன் ஓய்வுபெற்றவர் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இப்போது நீருக்குள் போய்விட்டன. குருசடை, முயல் தீவு, மனோலி, அப்பா தீவு என்று மற்றவை வரிசையாகக் கிடக்கின்றன. அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. ஆனால் பாம்பன் சின்னப்பாலம் தொடங்கி கடலோரம் நெடுக, தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, காலில் ரப்பர் செருப்பு. விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தலைகுப்புற மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பைக்குள் திணித்து மேலே வந்து மூச்சு விட்டு மறுபடி மூழ்குவார்கள். மணிக்கணக்கில் இதுதான். அகர் அகர் தயாரிக்க அந்தப் பாசி போகிறது. கரையேறும்போது உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருக்கும், துணியைப் பிரித்தால் விரல் நுனி கீறிக் கிடக்கும்.

தண்ணீருக்கடியில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும். எந்தப் பாறையில் சென்ற அமாவாசைக்குப் பாசி எடுத்தோம், அது எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்றும் தெரியும். ஒரு பாறையில் பாசி கையால் பிய்த்த மாதிரி இல்லாமல் ஒரு பக்கமாக வழித்துக்கொண்டு போயிருந்தால், படகின் அடிப்பலகையோ நங்கூரக் கயிறோ உரசியது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். அந்தப் பக்கம் படகு போகவே இல்லை என்று ஊரே சாதித்தாலும், இந்த ஒரு பெண்ணின் கண் அதை உடைத்துவிடும். ஆனால் அவள் வாய் திறக்க முடியாது. ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னால், ‘அந்தத் தீவுக்கு நீ ஏன் போனாய்’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பார்த்த இடத்தில் இருந்ததே அவளுக்கு வழக்கு.

சீருடை போட்ட யாரிடமும் அவள் இதைச் சொல்ல மாட்டாள். நல்ல அதிகாரியாக இருந்தாலும் கேட்டதைப் பதிவு செய்வது அவருடைய கடமை. ஓய்வுபெற்ற அம்மாவுக்கு அந்தக் கடமை இல்லை. மீன் வாங்கப் போன இடத்தில், கருவாடு காயும் முற்றத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். இன்னும் இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் பேச்சின் நடை மாறியிருக்கும். “நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிறாதீக” என்று ஆரம்பிக்கும் பேச்சு அது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வீட்டின் உள்கட்டு வரை போய் லாத்தாக்களோடு, அதாவது முஸ்லிம் வீட்டு அக்காமார்களோடு, உட்கார ஓர் ஆண் துப்பறிவாளரால் முடியாது. பதவியில் இருந்தபோது இவராலும் அத்தனை எளிதாக முடிந்திருக்காது, கூட ஒரு ஜீப் நின்றிருக்கும்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. பெண் சாட்சியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவள் இருக்கும் இடத்தில் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு மீறப்படுகிறது என்பது இவருக்கு நன்றாகத் தெரியும், அவர் அந்த ஸ்டேஷன்களில் இருந்தவர்தானே. அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது: பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு, இப்போது 23. ஆனால் குற்றவாளி ஒரு தனிமனிதரிடம் தானாக முன்வந்து சொன்னது சாட்சியமாகலாம். ஓய்வுபெற்றவர் காவல் அதிகாரி இல்லை. பணியில் இருந்த காலமெல்லாம் அவர் காதில் விழுந்தும் நீதிமன்றம் ஏறாத வார்த்தைகள் இப்போது ஏறும். ஒரு எழுத்தாளருக்கு இது பெரிய வரம் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் அந்த வரத்துக்கு வரம்பு உண்டு. இப்படி வெளியாளிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றங்கள் பலவீனமான சாட்சியமாகவே பார்க்கும், வேறு ஆதாரம் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கூண்டில் ஏறி நிற்பது இந்த அம்மாதான். முப்பத்தேழு வருடப் போலீஸ் புத்தியில் மிரட்டிச் சொல்லவைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார். ஆகவே எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் கொலைக்காரனைச் சுட்டிக்காட்டும் வழக்கமான கடைசி அத்தியாயம் இந்த நாவலுக்குப் பொருந்தாது. கடைசி அத்தியாயம் இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் நடக்க வேண்டும்.

அதற்கு முந்தைய அத்தியாயங்கள் இன்னும் கடினமானவை. ஒப்புதலைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பாசி எடுக்கும் பெண். அவளைக் கூண்டில் ஏற்றினால் வழக்கு ஜெயிக்கும், அவள் மீது வனத்துறை வழக்கு வரும், அவளோடு போன மற்றப் பெண்களின் பெயரும் வெளியே வரும், ஒரு பருவத்துப் பிழைப்பே போகும். பதவியில் இருந்திருந்தால் இவர் சம்மன் அனுப்பியிருப்பார், வேறு வழி இருந்திருக்காது. இப்போது அவள் பெயர் குற்றப்பத்திரிகையில் வராமல் அதே உண்மையை வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். டோக்கன் வாங்காத ஒரு நாளில் அந்தப் படகு எப்படி வெளியே போனது, டீசல் பங்க் நோட்டில் அதற்கு முந்தைய இரவு எத்தனை லிட்டர் எழுதியிருக்கிறது, படகின் அடிப்பலகையில் பாறை உரசிய கீறலை எந்தக் கரைத் தச்சர் எப்போது அடைத்துக் கொடுத்தார், கூலி யார் கொடுத்தது. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அந்த இளம் சப்-இன்ஸ்பெக்டரின் மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நாவலின் பிற்பாதி.